கொழும்புக்குப் போகும் குதிரை

துரையின் குதிரையைக் கொழும்புக்குக் கொண்டுபோக ஏஜெண்டைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு குதிரைக்காரர் பீர் முஹம்மதுவுக்கு வந்தது. முதல் ஏஜெண்டு கப்பலின் பெருமையை அளந்தான். இரண்டாமவன் லாயத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாமவன் மட்டும் குதிரையின் மூக்கருகே கையை நீட்டி, அது முகர்ந்து முடிக்கும்வரை பேசாமல் நின்றான். அவனையே அமர்த்தச் சொன்னார்.

சாந்தோம் வீட்டில் மனைவி அமீனா பீ அவருடைய சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“எவன் இட்டுக்கினு போனா இன்னா? கூடவே நீங்க இருக்கப் போறீங்க. இதுக்குப் போயி இத்தினி நாள் அலைஞ்சீங்களே.”

பீர் முஹம்மது அலுப்புடன் பெட்டியருகே உட்கார்ந்து, மேலே இருந்த சட்டையை வெளியே எடுத்தார்.

“குதிரைக்கு மட்டும்தான் துரை டிக்கெட் எடுத்துக்கீறாரு, அமீனா. அதனாலதான் அலைஞ்சேன்.”