கடல் தாண்டி வந்தவர்

நாகராசு எழுந்து, தன் நாற்காலியையே தூக்கி வந்து அந்த வெள்ளைக்கார அம்மாளுக்குப் போட்டார். இந்த அலுவலகத்தில், வெளிநாட்டினர் தங்க அனுமதி கொடுக்கும் பிரிவுக்கு அவர் மாறி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. வந்த முதல் வெளிநாட்டுக்காரர் இவர்.

"உக்காருங்க மேடம், உக்காருங்க. வெயிலு எப்படி அடிக்குது பாருங்க!"

"வெயில் கொல்லுதுய்யா. கொஞ்சம் தண்ணி இருக்கா?" என்றார் அந்த அம்மாள்.

நாகராசுவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "அடேங்கப்பா! நம்ம ஊர்த் தமிழு!"

கூட வந்த பெண் சுவரோரமாக நின்றாள். கையில் மனுவும் உறையும். பெயர் கார்த்திகா என்றாள். அன்னவாசல் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில், கைவிடப்பட்டுப் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குச் சம்பளம் இல்லாமல் சேவை செய்கிறார்களாம். இல்லத்தை நடத்துவது இந்த மார்த்தா அம்மாள்.

"இன்னைக்கோட தங்குற பெர்மிட் முடியுது சார்" என்றாள் கார்த்திகா. "சாயங்காலத்துக்குள்ள ஸ்டாம்ப் விழலைன்னா ஹோமை விட்டுக் கெளம்பணும். பொன்னுத்தாயின்னு ஒரு அம்மா, முதுகெல்லாம் புண்ணு. பழகின கையைத் தவிர வேற கை பட்டா சோறே திங்காது."

"கெளம்புறதா? நான் இருக்கேன்ல!"

மார்த்தா தண்ணீர் குடிப்பதையே நாகராசு பார்த்துக்கொண்டிருந்தார். காய்ப்பு விழுந்த விரல்கள். இடது ஆள்காட்டி விரல் நகத்தில் ஒரு கருங்கறை. புண்ணுக்கு மருந்து போட்ட கறையாக இருக்கும் என்று நினைத்தபோது அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

"இந்தப் புள்ளையும் உக்காரட்டுமே" என்றார் மார்த்தா.

"அது நிக்கட்டும் மேடம், சின்னப் புள்ளதானே. நம்ம ஆளுக எவனாவது சும்மா பீ, மூத்திரம் அள்ளுவானா? கடல் தாண்டி வந்து செய்யிறீங்களே. உங்களையெல்லாம் நாங்க அலைய விடலாமா?"

"சார், அது வந்து... பெர்மிட்டு..." என்று கார்த்திகா மனுவை நீட்டினாள்.

"நீ சும்மா இரும்மா. பெரியவங்க பேசுறோம்ல." வாங்கிய மனுவைப் பிரிக்காமலேயே மேஜையில் வைத்தார். டப்பாவிலிருந்து முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். "ஒரு வருஷம் என்ன, மூணு வருஷத்துக்கே போட்டுவிடுறேன். ஒரு போட்டோ மட்டும் எடுக்கணும். அந்த ஸ்டூல்ல கேமராவைப் பார்த்து உக்காந்தாப் போதும்."

கார்த்திகா போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்தாள்.

நாகராசு சிரித்துவிட்டார். "ஒனக்கு என்னத்துக்கும்மா போட்டோ? மேடத்தை வரச் சொல்லு."

மார்த்தா நாற்காலியை விட்டு அசையவில்லை. கறை படிந்த விரலை மட்டும் தூக்கிக் காட்டினார்.

"ஓட்டுப் போட்ட மை தம்பி இது. நான் இந்தியப் பிரஜையாகி இருவது வருஷம் ஆச்சு. எனக்கு எதுக்கு பெர்மிட்டு?"

"அப்ப...?"

"அவளுக்குத்தான். அவ அப்பனும் ஆத்தாளும் இலங்கையிலேர்ந்து படகுல வந்தவங்க. இவ பொறந்தது, படிச்சது எல்லாம் இந்தப் புதுக்கோட்டையிலதான். ஆனா அகதி கேம்ப்பை விட்டு வெளிய தங்கணும்னா நீங்கதான் ஸ்டாம்ப் வைக்கணும்."

ஸ்டூலில் இருந்தவள் இன்னும் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாகராசு மை காயாத முத்திரையைத் திரும்ப டப்பாவுக்குள் வைத்து மூடினார்.

"கேம்ப் ஆளா? மொதல்ல எந்திரி."