பத்து அழைப்புகள்

மேசைமேல் இருந்த செல்போன் மணியடித்தது. சண்முகராஜ் நாற்காலி கவிழ எழுந்து, இரண்டு கைகளாலும் அதை அள்ளிக் காதில் வைத்தார்.

“வணக்கம்! கோவில்பட்டி வாசிப்பு வானொலி! யாரு பேசுதீய, சொல்லுங்க!”

“நாந்தான் அண்ணாச்சி.” குரல் போனிலும் கேட்டது, பக்கத்து அறையிலிருந்தும் கேட்டது. “போன் அடிக்குதான்னு பாத்தேன். நல்லாத்தான் அடிக்குது.”

“ஏட்டி கிருஷ்ணப்ரியா! எனக்கு நெஞ்சு வெடிச்சிருக்கும். இனிமே இந்த வெளையாட்டு வேண்டாம்.”

கதவோரம் அமர்ந்திருந்த சுடலைக்குமார் சிரிக்கவில்லை. இடமும் கருவியும் தந்த அறக்கட்டளையின் அலுவலர் அவர். நிகழ்ச்சியை மூடுவதற்கான கடிதம் அவர் மடியில் காத்திருந்தது.

கேட்பவரே இல்லாத நிகழ்ச்சிக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் எதற்கு என்று அறக்கட்டளை கேட்டுவிட்டது. பதினைந்து நாள் தவணை கொடுத்தது. பார்வையற்றவர்கள் பத்தே பத்துப் பேர் அழைத்து, ‘கேட்கிறோம்’ என்று சொன்னால் போதும். இன்று மாலை ஐந்து மணியோடு தவணை முடிகிறது. இதுவரை வந்த அழைப்பு, ஒலிபரப்பைக் கவனிக்கும் தொண்டர் கிருஷ்ணப்ரியாவினுடையது ஒன்றுதான்.

மூன்று ஆண்டுகள்! மழையோ வெயிலோ, மாலை நான்கு மணிக்குச் சண்முகராஜும் ஆறு தொண்டர்களும் நாளிதழை எடுத்துவைத்து வாசித்தார்கள். உதவித்தொகை அறிவிப்பு, தேர்வு அறிவிப்பு, உளுந்து விலை, மின்தடை, இரங்கல் செய்தி என எதையும் விட்டதில்லை. அச்சில் ஏறிய எழுத்து கண்ணுள்ளவனின் தனிச்சொத்து அல்ல என்று மேடைதோறும் முழங்கியவர் அவர். முழங்கியதைச் செய்தும் காட்டினார்.

“ஒருவேளை விளம்பரம் பத்தலையோ?” என்றார் சுடலைக்குமார்.

“பத்தலையா! சொந்தச் செலவுல ஆயிரம் சுவரொட்டி அடிச்சேன். டவுன் பஸ், தீப்பெட்டி ஆபீஸ் வாசல், ரயில்வே ஸ்டேஷன், ஒண்ணையும் விடலை. குளத்தூர்க்காரன் ஒருத்தன் வந்து, ‘என்ன அண்ணாச்சி, எலெக்ஷன்ல நிக்கீயளா’ன்னு கேட்டுட்டுப் போறான்!”

“அப்படியும் ஒருத்தரும் கூப்பிடலைன்னா என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க.”

சண்முகராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நான்கு. ஒலிவாங்கியின் முன் அமர்ந்தார். நாளிதழ் மடித்தபடியே கிடந்தது.

“நேயர்களே! சுவரொட்டியில் கண்ட எண்ணுக்கு ஒரு வார்த்தை பேசுங்கள் என்று பதினைந்து நாட்களாக மன்றாடினேன். ஒருவரேனும் பேசினீர்களா? உங்களுக்காக மூன்றாண்டுகள் தொண்டை கிழியக் கத்தியவனுக்கு, ‘கேட்கிறேன்’ என்ற ஒற்றைச் சொல்லைத் தர உங்களுக்கு மனமில்லையா? கண் போனது உங்கள் குற்றமல்ல. நாவுமா போய்விட்டது? இன்று ஐந்து மணிக்கு இந்தக் குரல் அடங்கும். அடக்கியது அறக்கட்டளை அல்ல, உங்கள் மௌனம்!”

கண்ணாடிக்கு அப்பால் கிருஷ்ணப்ரியா தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு அவளே உள்ளே வந்து, நாளிதழைப் பிரித்து, மிச்ச நேரத்தை வாசித்தாள். இரங்கல் செய்திக்கு வந்தபோது அவள் குரல் தழுதழுத்தது.

செல்போன் வாய் திறக்கவில்லை. நாலரைக்கு ஒருமுறை, நாலே முக்காலுக்கு ஒருமுறை சண்முகராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசி ஐந்து நிமிடம் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

ஐந்து மணி அடித்ததும் சுடலைக்குமார் கடிதத்தை நீட்டினார். “மன்னிச்சிருங்க அண்ணாச்சி. நான் வெறும் அலுவலர்.”

சண்முகராஜ் கையெழுத்திட்டார். கிருஷ்ணப்ரியா ஒலிபரப்பை நிறுத்தினாள். மூன்றாண்டுக் குரல் ஒரு விரலசைவில் அடங்கியது.

சுடலைக்குமார் கடிதத்தைப் பையில் வைத்துப் புறப்பட எழுந்த வேளையில், படிக்கட்டில் கோல் தட்டும் ஓசை கேட்டது. வியர்வை வழியும் முகத்தோடு ஒரு பெண் கதவு நிலையைத் தடவியபடி உள்ளே வந்தாள்.

“இங்கன ரேடியோவுல வாசிக்கிற அண்ணாச்சி இருக்காவளா?”

“நாந்தாம்மா. நீ யாரு?”

“நாலாட்டின்புதூர் தங்கமாரி. அங்கன நாற்காலி பின்னுத கூடத்துல நாங்க பதிமூணு பேரு. ஒருத்தருக்கும் பார்வை கெடையாது. தெனமும் நாலு மணிக்கு உங்க ரேடியோ ஓடாம எங்களுக்குக் கையே ஓடாது. நீங்க ஏசினதைக் கேட்டதும் எல்லாரும் பஸ் ஏறிட்டோம். மத்தவிய கீழ நிக்காவ. நீங்க வாசிச்ச அறிவிப்பை வச்சுத்தான் நாலு பேருக்கு உதவித்தொகை வந்திருக்கு. நிப்பாட்டிராதீய அண்ணாச்சி.”

சண்முகராஜ் சுடலைக்குமாரின் பையைப் பார்த்தார். பதின்மூன்று பேர். பத்தே போதுமாக இருந்தது. துக்கம் கோபமாக மாறியது.

“பதிமூணு பேரு இருந்துமா ஒரு போன் போடலை? பதினஞ்சு நாளா நாய் மாதிரி காத்துக்கெடந்தேனேம்மா!”

“எந்த நம்பருக்கு அண்ணாச்சி?”

“எந்த நம்பருக்கா! நீ ஏறி வந்த பஸ்ஸுல ஒட்டியிருக்கு. இந்த வாசல் கதவுல ஒட்டியிருக்கு. சாண் சாணா சிவப்பு எழுத்து! ஊரே வாசிச்சுது, நீங்க மட்டும் ஏன் வாசிக்கலை?”

தங்கமாரி குரல் வந்த பக்கம் மெல்ல முகத்தைத் திருப்பினாள்.

“வாசிக்க முடிஞ்சா, உங்க ரேடியோவ நாங்க எதுக்கு அண்ணாச்சி கேக்கோம்?”