நகராட்சி மொழித் தேர்வு

"எங்கே, இன்னொரு தடவை சொல்லுங்கப்பா. 'வணக்கம், எந்தத் தெருவுல குடியிருக்கீங்க?'"

"வணக்கம். எந்தத் தெரு... தெருவு..." அப்பாவின் நாக்கு பாதி வழியில் நின்றுவிட்டது.

"ஐயோ, அப்படி அதட்டாதீங்கப்பா. சண்டைக்குக் கூப்பிடற மாதிரி இருக்கு!"

மகளுக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கும் பிள்ளைகளோடு பேசிப் பேசியே அந்த மொழியைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்திரண்டு வயதில் அப்பாவால் முடிகிறதா? முதல் நாள் மனப்பாடம் செய்தது, மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதே வாய் கொப்பளித்த தண்ணீரோடு போய்விடுகிறது.

"ரெண்டு தடவை கோட்டை விட்டாச்சு. இது மூணாவது, ஞாபகம் இருக்கட்டும்" என்றாள் மனைவி, அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டபடி.

"நீ வேற வயித்துல புளியைக் கரைக்காதே!"

கரைக்க இனி என்ன இருக்கிறது? நகராட்சியிலிருந்து வந்த கடிதம் இருபது நாளாக ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. மூன்றாம் முறையும் தேறாதவர்கள் இங்கே தொடர இயலாது. அவ்வளவுதான் வாசகம். அப்படி ஆனால் மாதக் கடைசிக்குள் நகராட்சி கொடுத்த இந்த இரண்டு அறை வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகளின் படிப்பு பாதியில் நிற்கும். தையல் கடையில் மனைவிக்கு இப்போதுதான் நல்ல வேலை அமைந்திருக்கிறது, அதுவும் போகும்.

"நிஜமாவே வேற ஊருக்கு அனுப்பிடுவாங்களாம்மா?"

"பின்னே? மாடி வீட்டுக்காரரை அனுப்பலே? அஞ்சே நாள்ல மூட்டை கட்டினாங்க."

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "இத்தனை வருஷம் கை ஜாடையிலேயே காலத்தை ஓட்டிட்டேன். யாராவது ஒரு வார்த்தை சொன்னாங்களா? இப்ப திடீர்னு மொழி தெரிஞ்சாத்தான் ஆச்சுன்னா நான் எங்கே போய் முட்டிக்கிறது?"

"முட்டிக்கிறதெல்லாம் அப்புறம். சட்டையைப் போடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

நகராட்சி அலுவலகத்தில் கீழ்த்தளம் முழுக்க ஒரே கூட்டம். கைக்குழந்தையும் காகிதக் கட்டுமாக ஜனங்கள் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு படியேறினார். தேர்வு அறைக்கு வெளியே பெஞ்சில் அரை மணி நேரம். உள்ளே போய்விட்டு வந்த ஒருவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்ததைப் பார்த்ததும், படித்ததில் பாதி மறந்துபோயிற்று.

உள்ளே கண்ணாடி அணிந்த பெண் ஒருத்தி தனியாக இருந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும்.

"உட்காருங்க. பயமா இருக்கா?" அவள் அந்த மொழியில்தான் கேட்டாள்.

அவருக்கு அது புரியவே ஒரு நிமிஷம் ஆனது. "இல்லே... ஆமா."

"நான் ஒரு கஷ்டத்தைச் சொல்வேன். நீங்க புரிஞ்சுக்கிட்டு அதுக்கு ஒரு வழி சொல்லணும். அவ்வளவுதான் பரீட்சை."

சொல்லிவிட்டு மடமடவென்று பேசத் தொடங்கினாள். பையன் என்பது காதில் விழுந்தது. ஏழு விழுந்தது. வீட்டுக்காரர் விழுந்தார். மற்றதெல்லாம் நிற்காத ரயில் மாதிரி ஓடிவிட்டது.

"மேடம்... மெதுவா... ஒரு தடவை இன்னும்?"

அவள் தாளில் ஏதோ குறித்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டார்.

அவள் நிறுத்தி நிதானமாக மறுபடியும் சொன்னாள். "என் பையனுக்கு ஏழு வயசு. நாங்க வாடகை வீட்ல இருக்கோம். வீட்டுக்காரர் கடிதம் தர மாட்டேங்கிறார். கடிதம் இல்லாம இங்கே முகவரியைப் பதிய முடியலே. முகவரி இல்லாததால பள்ளிக்கூடத்துல பையனைச் சேர்க்க மாட்டேங்கிறாங்க. நான் என்ன செய்யணும்?"

அடடா, இதெல்லாம் அவருக்கு அத்துப்படியான சமாசாரம்! வழி தெரியும், வார்த்தைதான் வரவில்லை. காற்றில் சதுரமாக ஒரு காகிதம் வரைந்து காட்டினார்.

"கை வேண்டாம். வாயால சொல்லுங்க."

கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மகளின் முகத்தை நினைத்துக்கொண்டார். "கடிதம்... வேண்டாம். தண்ணி பில்... போதும். அதுல உங்க வீடு இருக்கு. பதிஞ்சிடலாம். இன்னிக்கே. பையன்... நாளைக்குப் பள்ளிக்கூடம் போவான்."

அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள், மறுபடி போட்டாள், மறுபடியும் கழற்றினாள். இதற்கு ஃபெயில் என்று சொல்லித் தொலைத்தாலே தேவலை என்றிருந்தது அவருக்கு.

"பாஸ்" என்றாள்.

அவர் இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டார். எழுந்து நாலு தடவை நன்றி சொன்னார், அதில் மூன்று தப்பு. வீட்டுக்கு ஃபோன் போடக் கை பரபரத்தது.

கதவருகே போனவரை அவள் கூப்பிட்டாள். "ஃபோனை அப்புறம் பண்ணுங்க சார். முதல்ல போய் உங்க நாலாம் நம்பர் ஜன்னலைத் திறங்க, வெளியூர்லேர்ந்து வந்த எங்க மொழிக்காரங்க காலையிலேர்ந்து அங்கே உங்களுக்காகத்தான் நிக்கிறாங்க."

பிறகு தாளைப் பார்த்தபடியே சொன்னாள்: "இப்ப கேட்டேனே, இதையேதான் நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல என் பையன் கையைப் பிடிச்சுக்கிட்டு அந்த ஜன்னல்ல நின்னு ஆறு தடவை கேட்டேன், ஆறு தடவையும் நீங்க கையை ஆட்டிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டீங்க."