பதினேழாம் பிரிவு

“ஒன்பது வருஷ அக்ரிமென்ட் மேடம். நடுவுல விட்டுட்டுப் போனா, மூணு வருஷத்துக்கு பெங்களூர்ல ஒரு டீக்கடைகூடப் போட முடியாது,” என்றான் யுவன்.

வைட்ஃபீல்டில், ஒரு பேக்கரி நிறுவனத்தின் ஏழாவது மாடி அலுவலகத்தில் அல்போன்சா கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த பேக்கரி நிறுவனத்தின் பெயரில் காக்ஸ் டவுனில் கடை நடத்துபவள் அவள். அத்தகைய உரிமக் கடைகளைக் கவனிக்கும் மேலாளர் அவன்.

அவன் சொன்னதில் பொய்யில்லை. நிறுவனம் நினைத்தால் அவளை அனுப்பிவிடலாம். அவள் நினைத்தால் போக முடியாது.

தொடக்கத்தில் கடையிலேயே மாவு பிசைய விட்டார்கள். அவள் மடித்து மடித்துத் தேய்க்கும் பஃப்ஸுக்காக, ஞாயிறு பூசை முடிந்த கையோடு பாதிக் கோயில் அவள் கடை வாசலில் நின்றது.

பிறகு குளிர்பதன வண்டி வந்தது. உறைந்த பஃப்ஸை இறக்கிவிட்டுப் போனது. சூடாக்கும் வேலை மட்டும் அவளுக்கு மிஞ்சியது.

“என்ன அல்போன்சா, செருப்பைச் சுட்டுத் தர்றியா?” என்று பாடகர் குழுவின் மைக்கேல்ராஜ் எல்லோர் முன்னிலையிலும் கேட்டபோது அவளும் சிரித்தாள். அன்று சாப்பிடாமல் படுத்தாள்.

அதன்பின் அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: தன் கையால் பிசைந்த மாவை, அதே தெருவில், தன் பெயரில் விற்க வேண்டும்.

இப்போது அவள் ஒப்பந்தத்தின் பதினேழாம் பிரிவைப் புரட்டி அவன் பக்கம் திருப்பினாள். அதில் அவளுக்குச் சாதகமாக இருந்த ஒரே பிரிவு அது. அவள் கடையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் நிறுவனம் வேறொருவருக்கு உரிமம் கொடுத்தால், அவள் அக்கணமே விலகலாம். விலகிய பின் எந்தத் தடையும் அவளைக் கட்டுப்படுத்தாது.

“போன வாரம் ஜோகுபாளையத்துல ஒருத்தருக்குக் கொடுத்திருக்கீங்களே தம்பி.”

“அது வேற பின்கோடு மேடம்.”

“பின்கோடு வேறதான். தூரம் ரெண்டரை கிலோமீட்டர். சந்தேகம்னா ஆட்டோவுல போய்ப் பாருங்க. மீட்டர் போடுற ஆட்டோவா நானே தேடிப் பிடிச்சுத் தர்றேன்.”

பின்கோடு மாறினாலே புதிய பகுதி என்று எண்ணிவிடுவது விற்பனைப் பிரிவின் வழக்கம். அது யுவனுக்கும் தெரியும். அவன் நிறுவனத்தின் சட்டத் துறையைத் தொலைபேசியில் அழைத்து விவரத்தைச் சொன்னான். பிறகு அவர்கள் சொன்னதற்கெல்லாம் “சரி சார்” என்றான். அழைப்பு முடிந்ததும், அவளுடைய விலகலை ஏற்றுக் கையெழுத்திட்டான்.

“ஜோகுபாளையம் கடை பிச்சுக்கிட்டு ஓடும் மேடம். அப்புறம் நீங்க வருத்தப்படக் கூடாது.”

“ஓடட்டும் தம்பி. நல்லா இருக்கட்டும்.”

கீழே, கட்டடத்தின் வாயிலில், அவளுடைய தம்பி க்ளென்னின் மனைவி சுனிதா காத்திருந்தாள். அல்போன்சா நடந்து வந்த தோரணையே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

“அப்ப நான் மேல போறேன் அண்ணி. என் பேர்ல எடுத்த ஜோகுபாளையம் கடை வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடறேன். கையெழுத்துப் போட்ட பதினஞ்சு நாளுக்குள்ள, காரணம் சொல்லாமலே விலகலாமாம்.”

“கொஞ்ச நேரம் கழிச்சுப் போ,” என்றாள் அல்போன்சா. “அந்த மேனேஜர் தம்பி இப்பத்தான் தண்ணி குடிச்சிட்டிருக்கான்.”