கேட்டால்தான் நிற்கும் ரயில்

வேல்ஸ் கடலோரத்துச் சிற்றூரான போர்த் கெலினில் ரயில் தானாக நிற்காது. இறங்குகிறவர் கார்டிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஏறுகிறவர் நடைமேடையில் நின்று கை காட்ட வேண்டும். கோடை முடிந்து சுற்றுலாக்காரர்களின் வரத்து நின்ற பிறகும் மாலை ரயில் தினமும் நின்றது. கதவு திறக்கும், மூடும். ஒருவரும் இறங்க மாட்டார்கள்.

நிலையத்துக்கு எதிரே தன் வீட்டிலேயே தங்கும் விடுதி நடத்தும் மெரெரிட்டுக்குக் கார்டு இட்வால் மேல்தான் சந்தேகம். இவன் சிகரெட் பிடிக்க ஊரார் ரயிலா? கையும் களவுமாகப் பிடித்து மேலிடத்துக்கு எழுதிப் போட்டால் வேலை போய்விடும். அன்று ஜன்னலில் ‘அறை காலி’ பலகையை மாட்டி, ஆளில்லாத வீட்டைப் பூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனாள். வேண்டுமென்றே போர்த் கெலினுக்கு அடுத்த ஊருக்குச் சீட்டு வாங்கி, அந்த மாலை ரயிலில் திரும்பினாள். அந்த ஒற்றைப் பெட்டியில் வேறு பயணிகள் இல்லை.

போர்த் கெலினில் ரயில் நின்றது.

“மாட்டிக்கிட்டியா? நான் நிறுத்தச் சொல்லவே இல்லையேடா!”

“நீங்க சொல்லலக்கா, அவங்க சொன்னாங்க.” இட்வால் கதவோரம் ஒதுங்கி யாருக்கோ வழிவிட்டான். “தினமும் இறங்குறாங்க, ஒருத்தர்கூடத் திரும்பி ஏறக் காணோம். அத்தனை பேருக்கும் உங்க வீட்ல இடம் பத்துதா?”

“உளறாதே” என்று இறங்கிச் சாலையைக் கடந்தாள் மெரெரிட்.

வாசல் பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஜன்னலில் பலகையை மட்டும் யாரோ உள்ளிருந்து திருப்பி வைத்திருந்தார்கள்: ‘அறை காலி இல்லை’.