மழுங்காத கத்தி

மூஸ் மான் வேட்டைக்கு இன்னும் நான்கே நாள் இருந்தது. குஹ்மோ ஊரில் வெசாவின் கடையில் இர்மெலி அரை மணி நேரமாகக் கத்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதை எடுத்துக்கோங்கக்கா. ரெண்டு மானுக்குத் தோல் உரிச்சாலும் கூர் அப்படியே நிக்கும்.”

“நிஜமாவா? பக்கத்துல இருக்கறது?”

“ஒரு மானுக்குத் தாங்கும்.”

“அந்த ஓரத்துல இருக்கறது?”

வெசா சிரித்தான். “அது சாதா எஃகு. ஒரு மான் முடியறதுக்குள்ள நாலு தடவை தீட்டணும்.”

“அதையே குடுப்பா.”

“விளையாடாதீங்க! நம்ம வேட்டைக் குழுவுக்கே தோல் உரிக்கிறது நீங்கதான். போன வருஷம் உங்க தம்பி குடுத்த கத்தி மழுங்கிடுச்சா?”

“மழுங்கவே இல்ல. அதான் வம்பாப் போச்சு.”

“நல்ல கத்தியில என்னக்கா வம்பு?”

“மரம் விழுந்து கால் போனதிலேர்ந்து என் வீட்டுக்காரர் தாய்ஸ்தோ காட்டுக்குள்ள வர்றதில்ல. தோல் உரிக்கிற கொட்டகையில உக்காந்து என் கத்தியைத் தீட்டித் தர்றது மட்டும்தான் அவருக்குன்னு இருந்த வேலை. போன வருஷம் சாணைக்கல்லை மடியில வச்சுக்கிட்டு நாள் பூரா காத்திருந்தார். நான் ஒரு தடவைகூட கத்தியை நீட்டல. இப்ப, ‘நான் எதுக்கு அங்க, நீ மட்டும் போ’ங்கறார்.”

வெசா அந்தச் சாதா கத்தியை உறையில் போட்டுக் கொடுத்தான்.

வேட்டை நாளான சனிக்கிழமை, கொட்டகையில் இர்மெலி மூன்றாவது தடவையாகக் கத்தியைக் கணவரிடம் நீட்டினாள்.

“உனக்குக் கத்தி வாங்கவே தெரியலடி!” என்று எல்லோருக்கும் கேட்கும்படி அலுத்துக்கொண்ட தாய்ஸ்தோ, கல்லில் தண்ணீர் தெளித்து உற்சாகமாகத் தீட்ட ஆரம்பித்தார்.