மூன்றாம் வரிசை

ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் அந்தப் பழைய குடும்பப் போட்டி நிகழ்ச்சியை மறுபடியும் போட்டார்கள். முப்பது வருடங்களுக்கு முன் அம்மா பார்வையாளராகப் போய் உட்கார்ந்த நிகழ்ச்சி அது. அன்று அப்பாவுக்கு அச்சகத்தில் லீவு கிடைக்கவில்லை, தனியாகத்தான் போனாள். மூன்றாம் வரிசையில், ஒரு வழுக்கைத்தலைக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விழுந்து விழுந்து கைதட்டுவாள். எத்தனையோ முறை பார்த்து அவளைக் கிண்டல் செய்திருக்கிறோம்.

அவள் இறந்த பிறகு இதுதான் முதல் தடவை. கேமரா திரும்பியது. அம்மா இருந்தாள். வழுக்கைத்தலைக்காரர் இல்லை. அவர் நாற்காலியில் அம்மாவின் கைப்பை இருந்தது.

நான் டிவியை அணைத்தேன்.

"ஏம்மா அணைச்சுட்ட? எனக்குத்தான் இடம் பிடிச்சு வச்சிருக்கா," என்றார் அப்பா. குரலில் பயமே இல்லை. "அன்னைக்குத்தான் லீவு கிடைக்கல. இப்ப என்ன, தினமும் லீவுதானே."

"சும்மா இருங்கப்பா."

அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு டிவியை மறுபடி போட்டேன். "அம்மா, இப்ப வேண்டாம்மா," என்று திரையைப் பார்த்துக் கெஞ்சினேன்.

கேமரா இன்னொரு முறை அந்தப் பக்கம் வந்தது. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா தட்டவில்லை. பையை எடுக்கவும் இல்லை. நன்றாகச் சாய்ந்து, அவசரம் ஒன்றும் இல்லாதவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.